இன்ஜின் புகைக்கு விதி எழுதும் அதிகாரம் யாருக்கு? – வாசகர் கேள்வி பதில்

ரயில் இன்ஜின்களின் புகையைக் கட்டுப்படுத்த அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் கொண்டுவந்த விதியைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அந்த விதிக்குக் கூட்டரசின் ஒப்புதலைக் கேட்டிருந்த மாநிலம், 2025 ஜனவரியில் தன் விண்ணப்பத்தைத் தானே மீட்டுக்கொண்டது என்பதே அக்குறிப்பின் சாரம். அதையொட்டிப் பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்த கடிதங்களுக்கே இம்மாதப் பக்கங்கள் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகள் லாஸ் ஏஞ்சலிஸை அடுத்த ஒரு குடியிருப்பில் இருக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் சரக்கு ரயில்களின் பெரிய யார்டு. பேரனுக்கு ஆஸ்துமா. பழைய டீசல் இன்ஜின்களை மாநில அரசு ஒதுக்கப் போகிறது என்று 2023இல் நம்பிக்கையோடு சொன்னாள். இப்போது அது நின்றுபோய்விட்டது என்கிறாள். கார்களுக்கு அவ்வளவு கடுமையான விதி போடும் மாநிலத்தால் ரயிலுக்கு ஏன் போட முடியவில்லை?
– இல்லத்தரசி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: அம்மா, உங்கள் மகள் சொன்னது சரியே. கலிபோர்னியா காற்று வள வாரியம் 2023 ஏப்ரல் 27 அன்று ஏற்றுக்கொண்ட அந்த விதி, இனி வாங்கப்படும் இன்ஜின்களை மட்டுமன்றி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின்களையும் தொட்டது. தயாரிக்கப்பட்டு 23 ஆண்டுகளைக் கடந்த இன்ஜின், சில விலக்குகள் நீங்கலாக, 2030 முதல் மாநிலத்துக்குள் ஓடக் கூடாது. யார்டுகளில் பெட்டிகளைத் தள்ளும் ஷன்டிங் இன்ஜின்களும் பயணிகள் ரயில் இன்ஜின்களும் 2030ஆம் ஆண்டிலிருந்து தயாரிக்கப்பட்டவையாக இருந்தால், கலிபோர்னியாவில் அவை புகையே வெளியிடாமல் இயங்க வேண்டும். நெடுந்தொலைவு சரக்கு இன்ஜின்களுக்கு அந்தக் கெடு 2035. வேலையின்றி நிற்கும் இன்ஜினை 30 நிமிடங்களுக்கு மேல் ஓடவிடக் கூடாது. இவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு நிறுவனமும் தன் இன்ஜின்கள் மாநிலத்துக்குள் வெளியிடும் மாசின் அளவுக்கு ஏற்ப ஆண்டுதோறும் தனிக் கணக்கில் பணம் ஒதுக்கி, அந்தப் பணத்தைத் தூய்மையான இன்ஜின்களை வாங்குவதற்கே செலவிட வேண்டும்.

இனி, ஏன் முடியவில்லை என்பதற்கு வருகிறேன். அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம், வாகனங்களையும் இயந்திரங்களையும் பல பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மாநிலங்களின் அதிகாரத்தை வெவ்வேறு அளவில் வரையறுக்கிறது. புதிய கார்களுக்கு மாசு அளவை நிர்ணயிப்பது பொதுவாகக் கூட்டரசின் உரிமை என்றாலும், கலிபோர்னியா அந்தத் துறையில் முன்னோடியாக இருந்ததால், கூட்டரசிடம் விலக்குப் பெற்றுக்கொண்டு அது தன் சொந்த அளவுகளை வைத்துக்கொள்ளலாம். மற்ற மாநிலங்களும் விரும்பினால் அதையே பின்பற்றலாம். உங்கள் மகள் கேள்விப்பட்டிருக்கும் கடுமையான கார் விதிகள் இந்த வழியில் வந்தவை. ஆனால் 1990இல் அச்சட்டத்தைத் திருத்தியபோது, சாலையில் ஓடாத இயந்திரங்களுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றைச் சேர்த்தார்கள். அதில் இரண்டு இனங்களை மட்டும் மாநிலங்கள் தொடவே கூடாது என்று விலக்கி வைத்தார்கள். ஒன்று, 175 குதிரைத்திறனுக்குக் குறைந்த புதிய கட்டுமான, வேளாண் இயந்திரங்கள். மற்றொன்று, புதிய ரயில் இன்ஜின்களும் அவற்றில் பொருத்தப்படும் புதிய மோட்டார்களும். இவற்றில் கலிபோர்னியாவுக்கும் விலக்குக் கிடையாது.

அப்படியானால் 2023 விதியை எந்தத் துணிவில் எழுதினார்கள் என்று நீங்கள் கேட்கலாம். தடை 'புதிய' இன்ஜினுக்குத்தான். ஏற்கெனவே ஓடும் இன்ஜினுக்கு விதி வகுக்கக் கூட்டரசுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் அனுமதி கேட்கலாம் என்பது மாநிலத்தின் வாதம். வயது வரம்பும் கட்டாய ஒதுக்கீடும் சேர்ந்து எங்களைப் புதிய இன்ஜின் வாங்க நிர்ப்பந்திக்கின்றன, ஆகவே இது புதிய இன்ஜினுக்கான விதியேதான் என்பது ரயில் நிறுவனங்களின் எதிர்வாதம். அதை வைத்து அவற்றின் சங்கங்கள் 2023 ஜூனில் கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போயின. அனுமதி தேவைப்படும் பகுதிகளை அனுமதி கிடைக்கும்வரை செயல்படுத்தப் போவதில்லை என்று வாரியமும் அறிவித்தது. முகமை முடிவு சொல்வதற்குள் தேர்தல் வந்து ஆட்சி மாறியது. புதிய அதிபர் பதவியேற்பதற்குச் சில நாள்களுக்கு முன்னதாகவே மாநிலம் விண்ணப்பத்தை மீட்டுக்கொண்டது. மறுப்பு ஒன்று எழுத்தில் பதிவாகி, நாளை மீண்டும் கேட்கும்போது குறுக்கே நிற்பதைவிட இது மேல் என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். இது என் கணிப்பு.

உங்கள் பேரனைப் பொறுத்தவரை இந்தக் கணிப்புகளால் பயன் ஒன்றும் இல்லை என்பதை அறிவேன். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதியாக வகைப்படுத்தியது. யார்டுக்குப் பக்கத்தில் வளரும் பிள்ளைகளுக்கு அந்தப் புகை அன்றாடம் மூச்சில் கலக்கிறது. இந்த வழக்குகளை நான் விடாமல் படிப்பதற்கும் அதுவே காரணம்.

கேள்வி: 'புதிய' இன்ஜினுக்கு மட்டும்தான் மாநிலங்களுக்குத் தடை என்கிறீர்கள். இன்ஜின் ஒரு முறை விற்கப்பட்டு ஓடத் தொடங்கியதும் பழையதாகிவிடுமே. பிறகு ஏன் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மாநிலங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தன?
– சட்டக் கல்லூரி மாணவர், ஜோர்ஜ்டவுன்

பதில்: தம்பி, இந்தச் சிக்கலின் நடுநரம்பை நீங்கள் தொட்டிருக்கிறீர்கள். ரயில் இன்ஜின் காரைப் போல் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தீர்ந்துபோவதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மோட்டாரைப் பிரித்து, பிஸ்டன், லைனர், இன்ஜெக்டர் முதலியவற்றை மாற்றி, ஏறக்குறையப் புதியதாகவே மீட்டெடுப்பார்கள். இப்படி நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் ஓடும் இன்ஜின்கள் உண்டு. ஆகவே, தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் இன்ஜினுக்கு மட்டும் அளவு நிர்ணயித்தால், அதன் பயன் கண்ணுக்குத் தெரிய ஒரு தலைமுறை ஆகிவிடும். இதை உணர்ந்த சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 1998இல் முதல் விதித்தொகுப்பை வெளியிட்டபோது, மீட்டெடுக்கப்பட்ட இன்ஜினும் 'புதிய' இன்ஜினே என்று வரையறுத்தது. அதன்படி 1973 முதல் தயாரான பழைய இன்ஜின்களும் பட்டறைக்கு வரும்போதெல்லாம் ஓர் அளவுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும் என்றானது. நோக்கத்தில் இது நல்ல ஏற்பாடு. இதைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை.

ஆனால் அதே விதித்தொகுப்பில் மற்றொரு வரியும் இருந்தது. இன்ஜின் புதிதாகக் கருதப்படும் நாளிலிருந்து, அதன் பயன்பாட்டுக் காலம் என்று விதிகள் குறிக்கும் கால அளவில் 133 விழுக்காடு கழியும்வரை, அதற்கு எந்த மாநிலமும் மாசு அளவோ, கட்டாயச் சோதனையோ, கூடுதல் கருவி பொருத்தும் கட்டளையோ, ஒரு நிறுவனத்தின் இன்ஜின்கள் அனைத்துக்குமான சராசரி அளவோ விதிக்கக் கூடாது என்றது அந்த வரி. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். அந்தக் காலம் முடிவதற்குள் இன்ஜின் மீண்டும் பட்டறைக்குப் போகும். வெளியே வரும்போது சட்டத்தின் கண்ணில் மறுபடியும் புதியதாகிவிடும். காலக் கணக்கும் முதலிலிருந்து தொடங்கும். நாடாளுமன்றம் புதிய இன்ஜினுக்கு மட்டும் கொடுத்த பாதுகாப்பு, நிர்வாக விதியின் வழியே இன்ஜினின் வாழ்நாள் முழுவதற்கும் நீண்டுவிட்டது.

முகமையே பின்னர் இதை ஒப்புக்கொண்டு, 2023 நவம்பரில் அந்த நீட்டிப்பை விதிகளிலிருந்து நீக்கியது. சட்டத்தில் உள்ள தடை அப்படியே இருக்க, அதற்கு மேல் ஏற்றிவைத்த சுமையை மட்டும் இறக்கியது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். கலிபோர்னியாவின் அனுமதி விண்ணப்பமும் அதே மாதத்தில்தான் போனது. இரண்டையும் இணைத்துப் பார்த்தால், மாநிலம் எந்தக் கதவு திறந்த பிறகு உள்ளே நுழைய முயன்றது என்பது உங்களுக்கு விளங்கும்.

ஓர் அளவுகோலையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க விதிகள் இன்ஜின்களை இரண்டாம் படிநிலை, மூன்றாம் படிநிலை என்று வரிசைப்படுத்துகின்றன. 2015இலிருந்து தயாரிக்கப்படும் இன்ஜின்களுக்குரியது நான்காம் படிநிலை. நெடுந்தொலைவு இன்ஜின் ஒரு குதிரைத்திறன் மணி நேர வேலைக்கு வெளியிடக்கூடிய நைட்ரஜன் ஆக்சைடு, முதலில் வகுத்த கணக்கின்படி இரண்டாம் படிநிலையில் 5.5 கிராம், நான்காம் படிநிலையில் 1.3 கிராம். நுண்துகளுக்கு முன்னதில் 0.20 கிராம், பின்னதில் 0.03 கிராம். தொழில்நுட்பம் இந்த அளவுக்கு முன்னேறியிருக்கும்போது, பழைய இன்ஜினைப் பழைய அளவுக்கே மீண்டும் மீண்டும் மீட்டெடுக்க விடுவதுதான் யார்டுகளில் புகை குறையாததற்கு முதன்மையான காரணம். இதைவிடக் கடுமையான ஐந்தாம் படிநிலையை வகுக்கும்படி கலிபோர்னியா 2017 ஏப்ரலில் முகமையிடம் மனுக் கொடுத்தது. முகமை அதற்குப் பதில் எழுதியது 2022 நவம்பரில். தான் மட்டுமே செய்யலாம் என்று சட்டம் ஒதுக்கிக் கொடுத்த வேலையில், ஒரு மனுவுக்குப் பதில் சொல்லவே ஐந்தரை ஆண்டுகள் எடுத்துக்கொண்ட ஓர் அமைப்பைப் பற்றிக் கடுமையாக எழுத நான் தயங்க மாட்டேன்.

கேள்வி: ரயில்வேயில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதி என்றால், எல்லைக்கு எல்லை இன்ஜினை மாற்ற முடியுமா? சரக்கு எப்படிப் போய்ச் சேரும்? நீங்கள் புகையை மட்டும் பார்க்கிறீர்கள், தொழிலைப் பார்க்கவில்லை.
– ஓய்வு பெற்ற தொழிலாளி, பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: ஐயா, உங்கள் ஆட்சேபம் நியாயமானது. அமெரிக்க நீதிமன்றங்களும் ஒரு நூற்றாண்டாக அதையே சொல்லி வந்திருக்கின்றன. ஜோர்ஜியா மாநிலம் இன்ஜின் அடுப்புக்குத் தானியங்கிக் கதவு வேண்டும் என்றது. விஸ்கான்சின் அதோடு ஓட்டுநர் அறைக்குத் திரையும் வேண்டும் என்றது. இரண்டும் தொழிலாளர்களின் நலனுக்கான சட்டங்கள். ஆயினும் 1926இல் உச்ச நீதிமன்றம், இன்ஜினின் அமைப்பையும் பாகங்களையும் பற்றிய முழு அதிகாரத்தையும் கூட்டரசு தன் கையில் எடுத்துக்கொண்டுவிட்டது, அந்தப் பாகத்தைப் பற்றிக் கூட்டரசு இன்னும் விதி எழுதாவிட்டாலும் மாநிலம் எழுதக் கூடாது என்று தீர்ப்பளித்து, இரண்டு சட்டங்களையும் தள்ளியது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ரயில் நிறுவனங்களின் செயல்பாட்டை ஒழுங்குபடுத்தும் தனி அதிகாரத்தைத் தரைவழிப் போக்குவரத்து வாரியம் என்னும் கூட்டரசு அமைப்புக்குக் கொடுத்து, அந்த வேலியை மேலும் உயர்த்தியது. சிகாகோவில் புறப்படும் ஒரு சரக்கு ரயில் பசிபிக் கரையை அடைவதற்குள் பல மாநிலங்களைக் கடக்கிறது. அதன் இன்ஜினுக்குள் என்ன பாகம் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே ஆணையிடுவது நடைமுறைக்கு ஒவ்வாது. இதில் உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

என் வேறுபாடு நிற்கும் இன்ஜினைப் பற்றியது. நீங்கள் பட்டறையில் இருந்தவர். டீசல் இன்ஜினை ஏன் அணைக்காமல் விடுவார்கள் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பிரேக்குக்குக் காற்றழுத்தம் வேண்டும், பேட்டரி இறங்கக் கூடாது, மீண்டும் கிளப்ப நேரம் ஆகும். குளிர் நாடுகளில் இன்னொரு காரணமும் உண்டு: இந்த இன்ஜின்களின் குளிர்நீரில் உறைதடுப்பான் கலப்பது வழக்கமில்லை, அணைத்துவிட்டால் நீர் உறைந்து பாகங்கள் வெடிக்கும். இவையெல்லாம் உண்மை. ஆனாலும் எத்தனை நேரம் இப்படி ஓடுகிறது என்று பாருங்கள். முகமையின் சோதனை முறையிலேயே, ஷன்டிங் இன்ஜினின் வேலை நேரத்தில் 59.8 விழுக்காடு அது பளு எதையும் இழுக்காமல் ஓடுவதாகக் கணக்கு. நெடுந்தொலைவு இன்ஜினுக்குக்கூட 38 விழுக்காடு. இந்தப் புகை சிகாகோவிலிருந்து கடற்கரை வரை பரவிப் போவதில்லை. யார்டைச் சுற்றியுள்ள தெருக்களிலேயே தங்குகிறது. அணைத்து வையுங்கள் என்று அந்த ஊர் சொல்வதால் எல்லையில் இன்ஜினை மாற்ற வேண்டிய அவசியம் எதுவும் எழாது.

வரலாற்றிலும் இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. நியூயார்க்கின் பார்க் அவென்யூ சுரங்கப்பாதையில் 1902 ஜனவரியில், நீராவியும் புகையும் சூழ்ந்து சமிக்ஞை தெரியாமல் ஒரு ரயில் முன்னால் நின்ற ரயிலில் மோதிப் பதினைந்து பேர் இறந்தனர். மறு ஆண்டே மாநிலச் சட்டமன்றம், 1908க்குப் பிறகு மன்ஹாட்டனின் அந்தப் பாதையில் நீராவி இன்ஜின் வரக் கூடாது என்று சட்டம் இயற்றியது. ரயில் நிறுவனம் பாதையை மின்மயமாக்கியது. இன்று உலகமே பார்க்க வரும் கிராண்ட் சென்ட்ரல் நிலையம் அந்த மாற்றத்தின் தொடர்ச்சியாக எழுந்தது. 1960இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த மற்றொரு வழக்கில், கூட்டரசு ஆய்வு செய்து உரிமம் கொடுத்த கப்பல்களின் கொதிகலன்கள் டெட்ராய்ட் துறைமுகத்தில் கக்கிய கரும்புகைக்கு அந்நகரம் தண்டனை விதிக்கலாமா என்று கேட்கப்பட்டது. கூட்டரசு ஆய்வின் நோக்கம் பாதுகாப்பு, நகரத்தின் விதியின் நோக்கம் மக்களின் உடல்நலம், இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை என்று கூறி நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. கப்பலும் ரயிலைப் போல் மாநில எல்லைகளைக் கடந்து செல்வதுதான் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: சட்டம் போடாமல் நிறுவனங்களோடு பேசி ஒப்பந்தம் செய்துகொண்டால் என்ன? வழக்கு, மேல்முறையீடு என்று ஆண்டுகள் வீணாகாதே.
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: கலிபோர்னியா அந்த வழியிலும் நடந்து பார்த்திருக்கிறது. மாநிலத்தில் ஓடும் இரண்டு பெரிய நிறுவனங்களான பிஎன்எஸ்எஃப், யூனியன் பசிபிக் ஆகியவற்றோடு 1998இல் காற்று வள வாரியம் ஓர் ஒப்பந்தம் செய்தது. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் ஓடும் இன்ஜின் தொகுதியின் சராசரி மாசு, 2010க்குள் இரண்டாம் படிநிலைக்கு இறங்க வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். 2005இல் செய்த இரண்டாவது ஒப்பந்தம் யார்டுகளைப் பற்றியது: தேவையின்றி ஓடும் இன்ஜின்களை அணைக்க வேண்டும், தானாக அணைக்கும் கருவிகளைப் பொருத்த வேண்டும், பெரிய யார்டுகளைச் சுற்றி வாழ்வோருக்கு எவ்வளவு புற்றுநோய் அபாயம் என்று மதிப்பிட வேண்டும். அந்த மதிப்பீடுகளால் விளைந்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சான் பெர்னார்டினோ நகரத்து யார்டைச் சுற்றியுள்ள குடியிருப்புகளின் நிலை எவ்வளவு மோசம் என்பதை மக்கள் எண்களாகப் பார்த்தது அவற்றின் வழியாகத்தான்.

ஆனால் ஒப்பந்தம் இருதரப்பின் சம்மதத்தில் நிற்பது. ஒரு தரப்பு மறுக்கும் எதையும் அதில் எழுத முடியாது; மேலும், பேச்சு மேசையில் யார்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு இடமும் இல்லை. 2005 ஒப்பந்தம் போதாது என்று கருதிய தென்கரைக் காற்றுத்தர நிர்வாக வட்டாரம் (லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் காற்றுத்தரத்தைக் கவனிக்கும் அமைப்பு), நின்றபடி ஓடும் இன்ஜின்களின் நேரத்தைப் பதிவுசெய்யவும் குறைக்கவும் தானே விதிகளை இயற்றியது. ரயில் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2010இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த விதிகள் 1995ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முரணானவை என்று தள்ளுபடி செய்தது. ஆயினும் அந்தத் தீர்ப்பு ஒரு வழியையும் காட்டியது: மாநிலத்தின் காற்றுத்திட்டத்தில் சேர்க்கப்பட்டு முகமை ஒப்புதல் தந்த விதியாக இருந்தால், அது கூட்டரசுச் சட்டத்தின் வலிமையைப் பெறும், அப்போது இரண்டு கூட்டரசுச் சட்டங்களையும் இணக்கப்படுத்திப் படிக்க வேண்டும். அதாவது, உள்ளூர் விதிக்கு உயிர் வேண்டுமானால் அதற்கும் கூட்டரசின் கையெழுத்தே தேவை.

30 நிமிட வரம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2008ஆம் ஆண்டுக் கூட்டரசு விதிகளே, புதிதாகத் தயாராகும் அல்லது மீட்டெடுக்கப்படும் இன்ஜின்களில், 30 நிமிடங்களுக்குள் தானாக அணையும் கருவி இருக்க வேண்டும் என்கின்றன. கருவியைக் கூட்டரசு கட்டாயமாக்கலாம்; அதே 30 நிமிடத்தை யார்டில் கண்காணிக்க மாநிலத்துக்கு உரிமை இல்லை என்று வாதிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: பட்டர்வொர்த்தில் தண்டவாளத்துக்கு அருகில் வசிக்கிறோம். சரக்கு ரயிலின் இன்ஜின் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருப்பதும், துணி உலர்த்தினால் கரி படிவதும் எங்களுக்கும் உண்டு. பினாங்கு மாநிலச் சட்டமன்றம் இதற்குச் சட்டம் போடலாமா? யாரிடம் புகார் செய்வது?
– குடியிருப்பாளர், பட்டர்வொர்த்

பதில்: நேரடியாகச் சொன்னால், போட முடியாது. நம் மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை அதிகாரங்களைக் கூட்டரசுப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று பிரித்து வைத்திருக்கிறது. ரயில்வே, கூட்டரசுப் பட்டியலில் போக்குவரத்து என்னும் 10ஆம் இனத்துக்குள் வருகிறது. அந்த இடத்தில் பினாங்குவாசிகள் பலர் அறியாத ஒரு விதிவிலக்கு அச்சிடப்பட்டிருக்கிறது: பினாங்குக் கொடிமலை ரயில் நீங்கலாக. 1923இல் ஓடத் தொடங்கிய நம் மலை ரயில் ஒன்றுதான் கூட்டரசின் பிடியிலிருந்து பெயர் சொல்லி விலக்கப்பட்டது. அதனால்தான் 2009இல் மாநிலமே சட்டம் இயற்றிக் கொடிமலைக் கழகத்தை அமைத்து அதை நடத்த முடிகிறது. ஆனால் அது மின்விசையில் கம்பி வடம் இழுக்கும் ரயில்; புகை இல்லை. புகை விடும் இன்ஜின்கள் ஓடும், தேசிய ரயில் நிறுவனமான கேடிஎம்மின் பாதையில் மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை. மாநிலச் சட்டம் கூட்டரசுச் சட்டத்தோடு முரண்பட்டால், முரண்படும் அளவுக்கு அது செல்லாது என்று 75ஆம் பிரிவும் சொல்கிறது. கோலாலம்பூர் வாசகர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. 1974 பிப்ரவரி முதல் அது கூட்டரசுப் பிரதேசம்.

சுற்றுச்சூழலைப் பற்றியது என்று சொல்லி மாநிலம் நுழைய முடியாதா என்று சிலர் கேட்பார்கள். ஒன்பதாம் அட்டவணையில் சுற்றுச்சூழல் என்று தனியாக ஓர் இனமே கிடையாது. எந்தப் பொருளின் சுற்றுச்சூழலோ, அந்தப் பொருள் யாருடையதோ, அவருடையதே அந்தச் சுற்றுச்சூழலும் என்ற நோக்கில் 1997இல் பாக்குன் அணைக்கட்டு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரவாக்கின் நிலமும் ஆறும் மாநிலத்துக்குரியவை. ஆகவே அந்த அணையின் பாதிப்பு மதிப்பீட்டுக்குக் கூட்டரசின் 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் அன்று, மாநிலத்தின் சட்டமே பொருந்தும் என்றது நீதிமன்றம். அங்கே பூர்வகுடி மக்களுக்குக் கூட்டரசுச் சட்டம் கொடுத்திருக்கக்கூடிய பாதுகாப்பு மாநிலத்தின் கையால் விலகியது. அதே அளவுகோலை ரயிலுக்கு வைத்தால், புகையும் கூட்டரசிடமே போய்ச் சேரும். மாநிலத்துக்கு அதிகாரம் கொடுத்தால் மக்களுக்கு நன்மை, கூட்டரசுக்குக் கொடுத்தால் தீமை என்று பொதுவிதி எதுவும் இல்லை என்பதை இந்த வழக்கும் கலிபோர்னியாவும் சேர்ந்து காட்டுகின்றன. தனக்கு மட்டுமே அதிகாரம் என்று சொல்பவர் அந்த அதிகாரத்தைச் செலுத்தியாக வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. செலுத்தாமல் வைத்துக்கொண்டு மற்றவரையும் தடுப்பதை நான் எதிர்க்கிறேன். அது வாஷிங்டன் ஆனாலும் புத்ராஜெயா ஆனாலும்.

நம் நாட்டில் அந்த அதிகாரத்தின் கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், எந்தப் புகை எந்த அளவுவரை அனுமதிக்கப்படும் என்று அமைச்சர் விதிகளாக வகுக்கலாம். 1996இல் வந்த டீசல் புகை விதிகள் சாலையில் ஓடும் மோட்டார் வாகனங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. லாரியை நிறுத்திப் புகையை அளக்கும் அதிகாரிகளை நாம் பார்ப்பது அவற்றால்தான். ரயில் இன்ஜினுக்கென்று அதே தெளிவோடு ஒரு விதி எழுதும்படி கேட்பது, மாநிலச் சட்டமன்றத்திடம் கேட்பதைவிடப் பயன் தரும். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம்தான் அதைக் கேட்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினரிடம் அன்று. குறிப்பாக, நின்றபடி ஓடும் இன்ஜினுக்கு நேர வரம்பு கேளுங்கள். உறைபனி என்ற காரணம் பட்டர்வொர்த்தில் எடுபடாது.

மாநிலத்துக்கு எதுவுமே இல்லை என்றும் எண்ண வேண்டாம். நிலமும் ஊராட்சியும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. தண்டவாளத்தை ஒட்டி அடுக்குமாடி வீடுகளுக்கு அனுமதி கொடுப்பதா, கிடங்குகளுக்குக் கொடுப்பதா, இடையே எவ்வளவு இடம் விடுவது என்பதைச் செபராங் பிறை மாநகர் மன்றம்தான் தீர்மானிக்கிறது. இன்று புகையைப் பற்றிப் புகார் செய்யும் பல குடியிருப்புகள், தண்டவாளம் வந்த பிறகு அனுமதி பெற்று எழுந்தவை. அந்தக் கோப்புகளில் கையெழுத்திட்டது கூட்டரசு அன்று.

புகாரைச் சுற்றுச்சூழல் துறையின் பினாங்கு மாநில அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு பிரதியைத் தரைப் பொதுப் போக்குவரத்து முகமைக்கும் கேடிஎம் நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். "எப்போதும் புகை" என்று எழுதினால் அது கோப்பில் தூங்கும். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இன்ஜினின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண், காற்று எந்தப் பக்கம் வீசியது என்பவற்றை ஒரு மாதம் தொடர்ந்து குறித்து, நேரம் தெரியும்படி எடுத்த படங்களோடு கொடுங்கள். தண்டவாள எல்லைக்குள் மட்டும் போகாதீர்கள்.

கேள்வி: பட்டர்வொர்த் வரை மின்சார ரயில் வந்துவிட்டதே. இனி எதற்கு இன்ஜின் புகையைப் பற்றிக் கவலை?
– மாணவி, பாயான் லெப்பாஸ்

பதில்: பயணிகளை ஏற்றும் இடிஎஸ், கொமுட்டர் ரயில்கள் மின்சாரத்தில் ஓடுகின்றன என்பது பெரிய முன்னேற்றம். ஈப்போ – பாடாங் பெசார் இரட்டைப் பாதை 2014இல் முடிந்ததன் பயனை வட மாநிலங்கள் அனைத்தும் அனுபவிக்கின்றன. ஆனால் தலைக்கு மேல் மின்கம்பி இருந்தும், அதன் அடியில் சரக்கு வண்டிகளைப் பெரும்பாலும் டீசல் இன்ஜின்களே இழுக்கின்றன. கிளைப் பாதைகளிலும் துறைமுகச் சரக்கு வளாகங்களிலும் எல்லா இடத்திலும் மின்கம்பி இல்லை என்பது ஒரு காரணம். கெமாசிலிருந்து தும்பாட் வரையிலான கிழக்குப் பாதை முழுக்க டீசல்தான். கலிபோர்னியாவிலும் இதே நிலை: சான் பிரான்சிஸ்கோவுக்கும் சான் ஹோசேக்கும் இடையே பயணிகள் ரயில் 2024 செப்டம்பரில் மின்சாரத்துக்கு மாறியது, அதற்கு எந்த முன்னனுமதிச் சிக்கலும் எழவில்லை, ஏனெனில் அங்கே பொதுத்துறை தன் ரயிலுக்குத் தானே பணம் கொடுத்து வாங்கியது. தனியார் சரக்கு இன்ஜின்களுக்கு அந்த வழி பொருந்தாததால்தான் வழக்கு வந்தது. நம் நாட்டில் சரக்கு ரயிலை நடத்துவதும் அரசுக்குச் சொந்தமான கேடிஎம் நிறுவனமே என்பதால், அடுத்து வாங்கும் இன்ஜினின் ஒப்பந்தப் பத்திரத்திலேயே புகை அளவையும் தானாக அணையும் கருவியையும் நிபந்தனையாக எழுத, எந்த நீதிமன்றத்தின் அனுமதியும் தேவையில்லை.